பயஸ் ஏறுகிறதா? ட்ரிம்பாட்டைத் திருகுவதற்கு முன்

"புது டியூப் போட்டு ரெண்டு மாசம்கூட ஆகல, மறுபடியும் சிவக்குது அண்ணே." கிட்டாருக்கான டியூப் ஆம்ப் பழுது பார்ப்பவர்களுக்குப் பழகிப்போன புகார் இது. வருபவர் ஏற்கெனவே ஒரு ஜோடி டியூப் வாங்கி மாற்றியிருப்பார். யாரோ பயஸையும், அதாவது டியூபில் ஓடும் மின்னோட்டத்தை அடக்கிவைக்கும் மைனஸ் வோல்டேஜையும், சரிசெய்து கொடுத்திருப்பார்கள். மேசையில் வைத்து அளந்தால் எல்லாம் ஒழுங்காகவே காட்டும். வீட்டுக்குக் கொண்டுபோய், நல்ல மழை பெய்த ஒரு மாலையில் ஒரு மணி நேரம் வாசித்தால் டியூபுக்குள் இருக்கும் பிளேட் என்ற தகடு மறுபடியும் செக்கச்செவேல் என்று எரியும்.

ஸ்பீக்கரை ஓட்டும் பவர் டியூபில், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பியான கன்ட்ரோல் கிரிட்டில் மைனஸ் 35 முதல் மைனஸ் 50 வோல்ட் வரை நிற்கிறது. இதுதான் பயஸ்; பேச்சில் இதனால் ஓடும் மின்னோட்டத்தையும் பயஸ் என்பார்கள். இஎல்34, 6எல்6ஜிசி போன்ற டியூப்களில் இந்த மைனஸ் ஒரு வோல்ட் குறைந்தாலே சும்மா இருக்கும்போது ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 4 முதல் 6 மில்லிஆம்பியர் ஏறிவிடும். ஆகவே கேள்வி ஒன்றுதான்: அந்த ஒரு வோல்ட் எங்கே போனது? வீட்டு மின்சாரம் ஏறியிருக்கலாம். மைனஸ் வோல்டேஜ் தரும் சப்ளையே தளர்ந்திருக்கலாம். அல்லது சப்ளை சரியாக இருந்தும், கிரிட்டுக்கு வேறெங்கிருந்தோ பிளஸ் வோல்டேஜ் கசிந்துகொண்டிருக்கலாம். கோலாலம்பூர் ஈரப்பதத்தில் அதிகம் வருவதும், அதிகம் தவறவிடப்படுவதும் இந்த மூன்றாவதுதான். காரணம் தெரியாமல், பயஸைக் கூட்டிக் குறைக்கும் ட்ரிம்பாட்டைத் திருகினால், காய்ந்த நாளில் ஆம்ப் குளிர்ந்து கரகரக்கும். ஈரமான நாளில் சிவக்கும்.

உள்ளே கை வைப்பதற்கு முன்

உள்ளே 450 முதல் 500 வோல்ட் டிசி இருக்கிறது. பிளக்கைக் கழற்றிய பிறகும் ஃபில்டர் கப்பாசிட்டர்களில் அது தங்கும். 10 கிலோஓம் 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இரண்டு பக்கமும் இன்சுலேட் செய்த முதலைக் கிளிப்போடு தயார்செய்து, ஸ்டாண்ட்பை சுவிட்சை வாசிக்கும் நிலையில் வைத்து, முதல் ஃபில்டர் கப்பாசிட்டரிலிருந்து சேசிஸுக்கு, அதாவது உலோகச் சட்டத்துக்கு, பத்து விநாடி இணைக்க வேண்டும். பிறகு மீட்டரில் 10 வோல்ட்டுக்குக் கீழே வந்துவிட்டதா என்று பார்த்த பின்தான் விரல் போகலாம். ஸ்க்ரூட்ரைவரால் ஷார்ட் அடித்து டிஸ்சார்ஜ் செய்யும் வழக்கத்தை மறந்துவிடுவது நல்லது. கப்பாசிட்டருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு.

ஓடும்போது அளக்க வேண்டிய இடங்களில், ஆஃப் செய்த நிலையிலேயே கிளிப்பை மாட்டிவிட்டு, கையை எடுத்த பிறகு ஆன் செய்யுங்கள். ஸ்பீக்கரோ, அதற்குப் பதிலாக 8 ஓம் 100 வாட் டம்மி லோடோ இல்லாமல் ஓட்டவே கூடாது. இந்த அளவுக்குப் பழக்கம் இல்லாதவர்கள் இதை வாசித்துவிட்டு, ஆம்பை விவரம் தெரிந்த ஒருவரிடம் கொடுக்கலாம். என்ன சோதிக்கச் சொல்ல வேண்டும் என்பதாவது தெரிந்திருக்கும்.

அளவே பொய் சொல்லும் இடம்

மின்னோட்டத்தை அளக்க, ஒவ்வொரு பவர் டியூபின் கேத்தோடுக்கும் (எலக்ட்ரானை வெளிவிடும் பகுதி), அதாவது 8-ஆம் முனைக்கும், கிரவுண்டுக்கும் நடுவே 1 ஓம், 1 வாட், 1 விழுக்காடு துல்லியமுள்ள ரெசிஸ்டரை நிரந்தரமாகப் போட்டுவிடுவதுதான் சரியான வழி. 1 மில்லிவோல்ட் என்றால் 1 மில்லிஆம்பியர். கோலாலம்பூரின் ஜாலான் பாசார் எலக்ட்ரானிக் கடைகளில் இதற்கு ஆகும் காசு ஒரு தே தாரிக் தேநீருக்குக்கூடக் காணாது.

கேத்தோடில் அளப்பது பிளேட் மின்னோட்டத்தோடு ஸ்கிரீன் (இரண்டாவது கிரிட்) மின்னோட்டத்தையும் சேர்த்தே காட்டும். 6எல்6ஜிசியில் ஸ்கிரீனின் பங்கு சும்மா இருக்கும்போது பிளேட்டில் ஓடுவதில் இருபதில் ஒரு பங்கு அளவு. இஎல்34-இல் அது ஏழில் ஒரு பங்கு வரை போகும். இதைக் கழிக்காமல் இஎல்34-ஐ செட் செய்கிறவர்கள் டியூபைத் தேவையில்லாமல் குளிர வைக்கிறார்கள். கணக்கு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: இஎல்34-இன் பிளேட் தாங்கும் வெப்பம் 25 வாட், அதில் 70 விழுக்காடு 17.5 வாட், பிளேட்டில் 460 வோல்ட் இருந்தால் 38 மில்லிஆம்பியர். 6எல்6ஜிசிக்கு 30 வாட். 450 வோல்ட்டில் 46 அல்லது 47 மில்லிஆம்பியர். இது உச்ச வரம்பு. இந்த எண்ணை எட்டியே தீர வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. 60 விழுக்காட்டில் நன்றாக ஒலிக்கும் ஆம்பை அங்கேயே விட்டுவிடலாம்.

அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியை, அதாவது டியூப் பக்கச் சுருளை, வைத்து அளப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குளிர்ந்த நிலையில் அரை பிரைமரியின் ரெசிஸ்டன்ஸை 40 ஓம் என்று குறித்துக்கொண்டு, பிறகு ஓடும்போது விழும் வோல்டேஜை அந்த 40-ஆல் வகுப்பார்கள். செம்பு ஒரு டிகிரி சூடேறினால் அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 0.39 விழுக்காடு ஏறும். ட்ரான்ஸ்ஃபார்மர் 25 டிகிரி சூடானால் 40 ஓம் 44 ஓம் ஆகிவிடுகிறது. டியூபில் ஓடுவது அதே 36 மில்லிஆம்பியர்தான். கணக்கில் மட்டும் 39.6 என்று வரும். ஒன்றுமே நகராத ஆம்பில் "பயஸ் ஏறுது" என்று தேடிக்கொண்டிருப்பார்கள். இந்த முறையில் அளப்பதானால், ஓடி முடித்த சூட்டோடு ஆஃப் செய்து, டிஸ்சார்ஜ் செய்து, ரெசிஸ்டன்ஸை மறுபடியும் எடுக்க வேண்டும். மீட்டரின் பேட்டரி தளர்ந்தாலும் பல மலிவு மீட்டர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். பேட்டரிச் சின்னம் மினுக்கினால் முதலில் அதை மாற்றுங்கள்.

ஆன் செய்தவுடன் அளந்து முடிவுக்கு வரவும் கூடாது. 5, 15, 30, 60 நிமிடங்களில் நான்கு அளவு எடுங்கள். முதல் கால் மணி நேரத்தில் இரண்டு மூன்று மில்லிஆம்பியர் அசைந்து பிறகு நின்றுவிட்டால், அது டியூப் சூடாகும் வழக்கமான போக்கு. 30-இலிருந்து 60-க்கும் ஏறிக்கொண்டே போவதுதான் நோய். புது டியூப்கள் முதல் சில வார வாசிப்பில் கொஞ்சம் நகர்வதும் இயல்பே. அதற்காகக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போக வேண்டாம்.

வீட்டு மின்சாரம்

மலேசியாவில் 2008 முதல் அறிவிக்கப்பட்ட வோல்டேஜ் 230, கூட்டினால் 10 விழுக்காடு, குறைத்தால் 6 விழுக்காடு. அதாவது 216-லிருந்து 253 வரை எது வந்தாலும் விதிக்கு உட்பட்டதே. பழைய 240 வோல்ட் அமைப்பு மறைந்துவிடவில்லை; கோலாலம்பூர்க் கடைவீடுகளில் மீட்டரைச் செருகினால் 240-க்கு மேல் காட்டுவது அபூர்வமல்ல. 230-க்குச் சுற்றிய ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்ப் 250 வோல்ட்டில் ஓடினால் என்ன ஆகும்?

எச்.டி. (பிளேட்டுக்குப் போகும் உயர்) வோல்டேஜ், ஸ்கிரீன், பயஸ் எல்லாமே ஒரே விகிதத்தில், ஏறத்தாழ 8.7 விழுக்காடு ஏறும். பயஸும் சேர்ந்து ஏறுகிறதே, சமன் ஆகிவிடாதா என்று தோன்றும். ஆகாது. டியூபின் மின்னோட்டம் வோல்டேஜின் ஒன்றரை மடி அடுக்கில் போகிறது. 460 வோல்ட்டில் 36 மில்லிஆம்பியர் ஓடிய இஎல்34, 500 வோல்ட்டில் சுமார் 41 ஓடும். வெப்பம் 16.6 வாட்டிலிருந்து 20.4 வாட்டுக்குப் போகும். 66 விழுக்காடு 82 ஆகிவிடும். ஹீட்டரும் 6.3-லிருந்து 6.85 வோல்ட்டுக்கு ஏறும். உடனே எரிந்துவிடாது, ஆனால் ஆயுள் குறையும். உள்ளே ஏற்கெனவே சிறு கோளாறு இருந்தால் அதை இந்தக் கூடுதல் சூடு வெளியே இழுத்துவரும்.

அதனால் அளக்கும்போதெல்லாம் சுவர் வோல்டேஜையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். அது இல்லாத பயஸ் எண்ணால் பயனில்லை. ஆம்பின் பின்புறத்தில் 230, 240 என்று இரண்டு நிலை இருந்தால் இங்கே 240-இல் வைப்பதே நல்லது. அமெரிக்காவிலிருந்தோ ஜப்பானிலிருந்தோ வந்த ஆம்பை ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மரில் ஓட்டுகிறவர்கள், அந்தப் பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல், ஆம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போது வெளியே என்ன வருகிறது என்று அளக்க வேண்டும். ஜப்பான் ஆம்புக்கு 100 வோல்ட், அமெரிக்க ஆம்புக்கு 117 அல்லது 120. 110 என்று எழுதிய பெட்டியில் ஜப்பான் ஆம்பைச் செருகினால் 10 விழுக்காடு கூடுதல் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. கோயில் திருவிழா, திறந்தவெளிக் கலைநிகழ்ச்சி என்று ஜெனரேட்டரில் வாசிப்பவர்கள் டியூப்களை 60 விழுக்காட்டுக்கு மேல் செட் செய்யாமல் இருப்பது புத்திசாலித்தனம். மேடை விளக்குகள் எல்லாம் அணைந்த நொடியில் ஜெனரேட்டர் எங்கே போய் நிற்கும் என்பதை யாரும் உத்தரவாதம் தர முடியாது.

மைனஸ் சப்ளை

பவர் டியூபுக்குப் போகும் இரண்டு கிரிட் லீக் ரெசிஸ்டர்களும், பெரும்பாலும் ஒவ்வொன்றும் 220 கிலோஓம், ஒன்றாகச் சேரும் இடத்தில் மீட்டரை வையுங்கள். சப்ளை தருவது இங்கே தெரியும். ஆன் செய்தவுடன் மைனஸ் 42, முக்கால் மணி நேரம் கழித்து மைனஸ் 38, சுவர் வோல்டேஜ் மாறவில்லை என்றால் குற்றவாளி இந்தப் பக்கம்தான்.

முதல் சந்தேகம் எலக்ட்ரோலிடிக் கப்பாசிட்டர்கள் மேல். 10 முதல் 50 மைக்ரோஃபாரட் வரையிலான இரண்டு சின்ன கப்பாசிட்டர்கள், பெரும்பாலும் சூடான ரெசிஸ்டருக்குப் பக்கத்தில், பல வருடம் யாரும் தொடாமல் கிடக்கும். மீட்டரை ஏசியில் வைத்து அதே இடத்தில் அளந்தால் 0.1 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அரை வோல்ட் காட்டினால் கப்பாசிட்டர் வற்றிவிட்டது. கூடவே ஸ்பீக்கரில் ஹம்மும் கேட்கும். 100 வோல்ட், 105 டிகிரி வகையைப் போடுங்கள். போடும்போது கவனம்: இது மைனஸ் சப்ளை, ஆகவே கப்பாசிட்டரின் பிளஸ் முனைதான் கிரவுண்டுக்குப் போக வேண்டும். கை பழக்கத்தில் மைனஸைக் கிரவுண்டில் வைத்துச் சோல்டர் செய்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. உடனே வெடித்தால்கூடத் தேவலை. மெல்லக் கசிந்து, சூடாகி, பயஸை மெல்ல இறக்கிக்கொண்டிருந்தால் டியூப் கோளாறு போலவே தெரியும். அண்மையில் கப்பாசிட்டர் மாற்றிய ஆம்பில் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

பழைய ஆம்பில் கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்கள் இருந்தால் அவை ஈரத்தை உறிஞ்சி மதிப்பு ஏறும். டயோடுக்குப் பின் தொடராக இருக்கும் ரெசிஸ்டர் ஏறினால் மைனஸ் குறையும், டியூப் சூடாகும். கிரவுண்டுக்குப் போகும் ரெசிஸ்டர் ஏறினால் மைனஸ் கூடும், டியூப் குளிரும். மெட்டல் ஃபிலிம் 1 வாட் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை தீர்ந்தது. 1950-களின் சில ஆம்ப்களில் டயோடுக்குப் பதில் செலினியம் ரெக்டிஃபையர் இருக்கும். வயதாக ஆக அதன் உள்தடை கூடி பயஸை இறக்கும். 1என்4007 போட்டால் மைனஸ் வோல்டேஜ் கூடும் என்பதால் தொடர் ரெசிஸ்டரையும் மறுபடி கணக்கிட வேண்டும்.

ட்ரிம்பாட் தனிக் கதை. அதன் உள்ளே நகரும் தொடுமுனையான வைப்பர் தூசியில் தொடர்பு விட்டுவிட்டு வந்தால் என்ன நடக்கும் என்பது சர்க்யூட்டைப் பொறுத்தது. பாட் கிரவுண்டுக்குப் போகும் காலில் தொடராக இருந்தால், தொடர்பு அறுந்ததும் மைனஸ் மிகக் கூடி டியூப் அணைந்துபோகும். சத்தம் கெடும், வேறு சேதம் இல்லை. வைப்பரிலிருந்தே கிரிட்டுக்குப் போகும் அமைப்பானால், அறுந்த நொடியே பயஸ் இல்லை. டியூப் போய்விடும், சில சமயம் ட்ரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போகும். வைப்பருக்கும் பாட்டின் அதிக மைனஸ் உள்ள முனைக்கும் நடுவே ஒரு 220 கிலோஓம் போட்டுவிட்டால், வைப்பர் கைவிட்டாலும் கிரிட் மைனஸ் பக்கமே இழுக்கப்படும். சில சென் செலவில் இதைவிடப் பெரிய பாதுகாப்பு ஆம்புக்குள் கிடையாது.

கிரிட்டில் கசிவு

சப்ளை முனையில் மைனஸ் 42 அசையாமல் நிற்கிறது, ஆனாலும் மின்னோட்டம் ஏறுகிறது. இப்போது மீட்டரை அந்த 220 கிலோஓம் ரெசிஸ்டரின் இரண்டு முனைகளிலும் குறுக்கே வையுங்கள். 10 மெகாஓம் உள்தடை உள்ள டிஜிட்டல் மீட்டர் போதும். கிரிட்டுக்குள் மின்னோட்டமே போகக் கூடாது என்பதால் அங்கே பூஜ்யம் காட்ட வேண்டும், 0.1 வோல்ட் வரை கண்டுகொள்ள வேண்டாம். 1 வோல்ட் காட்டினால் 4.5 மைக்ரோஆம்பியர் எங்கிருந்தோ கிரிட்டுக்கு வந்து இந்த ரெசிஸ்டர் வழியாக இறங்குகிறது என்று பொருள். இந்த ஒரு சோதனையைப் பழகிக்கொண்டால் வீணாக வாங்கும் டியூப் செலவு பெருமளவு குறையும்.

அடுத்து பவர் டியூப்களைக் கழற்றிவிட்டு, முன்னால் இருக்கும், சிக்னலை இரண்டாகப் பிரித்து அவற்றுக்குத் தரும் ஃபேஸ் இன்வெர்ட்டர் டியூபை அப்படியே வைத்து, மறுபடி அளக்க வேண்டும். டியூப் இல்லாதபோது லோடு குறைந்து எச்.டி. ஏறும், ஃபில்டர் கப்பாசிட்டர் எத்தனை வோல்ட் தாங்கும் என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். டியூபைக் கழற்றியதும் பூஜ்யமானால் தவறு டியூபில். கழற்றியும் அந்த வோல்டேஜ் இருந்தால் தவறு சர்க்யூட்டில். எத்தனை ஜோடி மாற்றினாலும் தீராது.

டியூபில் என்றால், உள்ளே சிறிது வாயு தங்கியிருக்கும், அல்லது கிரிட் கம்பியே சூடாகி எலக்ட்ரானை உமிழும். எதுவானாலும் கிரிட் பிளஸ் பக்கம் நகர்கிறது, மின்னோட்டம் கூடுகிறது, டியூப் மேலும் சூடாகிறது, கசிவும் மேலும் கூடுகிறது. இப்படித்தான் அது கட்டுமீறி ஓடுகிறது. கிரிட் உமிழ்வு பொதுவாக நன்றாகச் சூடான பிறகே தலைகாட்டும். அதனால்தான் ஐந்து நிமிடச் சோதனையில் தப்பித்துவிடுகிறது. கண்ணாடியின் உட்சுவரில் தெரியும் நீல ஒளிக்குப் பயப்பட வேண்டாம், அது நல்ல டியூபிலும் வரும். பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையிலேயே ஊதா அல்லது இளஞ்சிவப்புப் புகை போல் நின்றால்தான் வாயு. உச்சியிலுள்ள வெள்ளிப் பூச்சு பால் வெள்ளையாகியிருந்தால் காற்றே புகுந்துவிட்டது. ஆன் செய்யவும் வேண்டாம்.

இங்கே 6எல்6ஜிசி பற்றி ஒரு வார்த்தை. ஃபிக்ஸ்டு பயஸில், அதாவது இப்படித் தனி மைனஸ் சப்ளை உள்ள அமைப்பில், அதன் கிரிட் சுற்றுக்கு டேட்டாஷீட் சொல்லும் உச்ச அளவு 100 கிலோஓம். ஆனால் அமெரிக்க வகை ஆம்ப்கள் பல பத்தாண்டுகளாக 220 கிலோஓமில் ஓடுகின்றன. பழைய நல்ல டியூப்கள் அதைத் தாங்கின. சற்றே வாயு மிஞ்சிய டியூப் தாங்காது. ரெசிஸ்டரை 150 கிலோஓம் ஆக்கினால் அதே கசிவுக்கு நகர்வு மூன்றில் ஒரு பங்கு குறையும். 100-க்கு இறங்குவதானால், ஃபேஸ் இன்வெர்ட்டரிலிருந்து கிரிட்டுக்குச் சிக்னலைக் கடத்தும் கப்லிங் கப்பாசிட்டரைப் பாருங்கள்: 0.1 மைக்ரோஃபாரட் என்றால் கவலையில்லை, 0.022 என்றால் 72 ஹெர்ட்ஸிலிருந்தே பாஸ் வெட்டப்படும், கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸில் இருக்கிறது.

சர்க்யூட்டில் என்றால் முதலில் கப்லிங் கப்பாசிட்டர். ஒரு பக்கம் ஃபேஸ் இன்வெர்ட்டர் பிளேட்டின் 200 வோல்ட்டுக்கு மேல், மறுபக்கம் மைனஸ் 40. கிரிட் பக்க முனையைத் தூக்கிவிட்டு, அந்த முனைக்கும் கிரவுண்டுக்கும் மீட்டரை மாட்டி ஆன் செய்யுங்கள். எண் முதலில் துள்ளி, பிறகு இறங்க வேண்டும். 0.1 வோல்ட் நின்றாலே தூக்கிப் போடு என்று சிலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அவ்வளவு பதற்றம் தேவையில்லை: 10 மெகாஓம் மீட்டரில் 1 வோல்ட் என்பது 0.1 மைக்ரோஆம்பியர், 220 கிலோஓமில் அது 22 மில்லிவோல்ட் மட்டுமே. 10 வோல்ட் நின்றால் பயஸ் 0.2 வோல்ட் நகரும், அப்போது மாற்றியே ஆக வேண்டும். ஆனால் 1 வோல்ட் காட்டும் கப்பாசிட்டர் மேல் ஹேர் டிரையரை மெதுவாகக் காட்டிப் பாருங்கள். சூட்டில் வேகமாக ஏறினால் அதுவும் வெளியே போக வேண்டியதுதான். மாற்றுவதற்கு 630 வோல்ட் பாலிப்ரொப்பிலீன் போதும். விலை உயர்ந்த மந்திரக் கப்பாசிட்டர் எதுவும் இங்கே தேவையில்லை.

கப்பாசிட்டரின் முனையைத் தூக்கிய பிறகும் ரெசிஸ்டரில் வோல்டேஜ் இருந்தால், நம் ஊர் வானிலை உள்ளே வந்துவிட்டது என்று பொருள். சாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். எட்டு முனைகளில் 5-ஆவது கன்ட்ரோல் கிரிட், 4-ஆவது ஸ்கிரீன். 1960-களின் அமெரிக்க வகை வயரிங்கில் 470 ஓம் ஸ்கிரீன் ரெசிஸ்டரை 4-க்கும் 6-க்கும் நடுவே கட்டியிருப்பார்கள். டியூபுக்கு 6-ஆம் முனை தேவையில்லை என்பதால் அதை வெறும் தாங்கியாகப் பயன்படுத்துவார்கள். விளைவு: மைனஸ் 45 வோல்ட்டில் நிற்கும் கிரிட் முனைக்கு இடமும் வலமும் பிளஸ் 440. சில மில்லிமீட்டர் இடைவெளியில் ஏறத்தாழ 485 வோல்ட். அந்த இடைவெளியில் பழுப்பு நிற பேக்கலைட், மேலே சோல்டரிங்கில் மிஞ்சிய பழைய ஃப்ளக்ஸ், அதன் மேல் ஈரம் உறிஞ்சிய தூசி. இதன் தடை 100 மெகாஓம் ஆக இறங்கினாலே போதும். கிரிட் 1 வோல்ட் நகர்ந்துவிடும். சாதாரண மல்டிமீட்டரின் ஓம் ரேஞ்சு 40 அல்லது 60 மெகாஓமோடு நின்றுவிடுவதால் அதில் "ஓப்பன்" என்றுதான் காட்டும். ஓம் மீட்டரில் சுத்தமாக இருக்கிறது என்று சாக்கெட்டை விடுதலை செய்துவிடக் கூடாது.

99 விழுக்காடு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், பழைய பல்துலக்கி. தேய்த்து, துடைத்து, ஹேர் டிரையரில் நன்றாக உலர்த்தி மறுபடி அளக்க வேண்டும். எண்ணெய்ப் பசையுள்ள ஸ்ப்ரே எதையும் பவர் டியூப் சாக்கெட்டில் அடிக்காதீர்கள். தூசி ஒட்டிக்கொள்ளத் தோதான மெத்தையாகிவிடும். முனைகளுக்கு நடுவே கறுப்புக் கோடு தெரிந்தால் அது கரியாகிவிட்ட தடம், சுத்தம் செய்து பயனில்லை, சாக்கெட்டையே மாற்ற வேண்டும். செராமிக் ஆக்டல் கேளுங்கள். ஜாலான் பாசார் மாதிரி பொது எலக்ட்ரானிக் கடைகளில் எட்டு முனைச் சாக்கெட் என்று மட்டும் கேட்டால் ரிலே சாக்கெட்டை எடுத்து நீட்டக்கூடும். டியூப் அதில் பொருந்தவும் செய்யும். ஆனால் அந்த பிளாஸ்டிக் இந்த வோல்டேஜுக்கும் சூட்டுக்கும் செய்யப்பட்டதல்ல.

சாக்கெட்டும் சுத்தம் என்றால் மிச்சம் இருப்பது போர்டு. மெழுகில் தோய்த்த பழைய கறுப்பு ஃபைபர் போர்டுகள் ஈரம் குடிப்பதில் பேர் போனவை. நவீன பிரின்ட்டட் போர்டிலும், பவர் டியூபின் சூட்டில் வருடக்கணக்கில் வெந்த பகுதி கடத்த ஆரம்பித்துவிடும். கண்டுபிடிப்பது எளிது. மீட்டரின் கறுப்பு முனை கிரவுண்டில்; சிவப்பு முனையால், எந்த இணைப்பும் இல்லாத வெறும் போர்டுப் பரப்பை, எச்.டி. ஓடும் தடத்துக்கும் கிரிட் தடத்துக்கும் இடையே குத்திப் பாருங்கள். ஒரு கை சட்டைப்பையில் இருக்கட்டும். நல்ல போர்டில் பூஜ்யம். கெட்ட போர்டில் சில வோல்ட் காட்டும், முனையை எச்.டி. பக்கம் நகர்த்த நகர்த்த எண் ஏறும்.

ஃபைபர் போர்டை ஹேர் டிரையரில் உலர்த்தினால் நிலைமை சீராகும், அடுத்த மழைக்காலம் வரை. நிரந்தரத் தீர்வு அந்த முனையைப் போர்டிலிருந்தே பிரித்துவிடுவதுதான்: கப்லிங் கப்பாசிட்டர், 220 கிலோஓம், கிரிட்டுக்குப் போகும் வயர் மூன்றும் சேரும் இடத்தைப் போர்டில் தொடாமல் அந்தரத்தில், அல்லது ஒரு செராமிக் தாங்கியின் மேல் சோல்டர் செய்யுங்கள். பிரின்ட்டட் போர்டில் கிரிட் தடத்தை இரண்டு பக்கமும் வெட்டிவிட்டு டெஃப்லான் வயரில் நேராகச் சாக்கெட்டுக்குக் கொண்டுபோகலாம். பார்க்க அழகாக இருக்காது. பயஸ் நிற்கும்.

ஏர்கான் அறையில் குளிர்ந்து கிடந்த ஆம்பை லாரியிலிருந்து இறக்கி, வியர்க்கும் மேடையில் வைத்து உடனே ஆன் செய்வதும் இதே கசிவைத் தற்காலிகமாக உண்டாக்கும். குளிர்ந்த உலோகத்தின் மேல் பனிநீர் படியும். பூட்டிய ரப்பர் உறைக்குள் அது காயவும் காயாது. உறையைக் கழற்றி அரை மணி நேரமாவது வெளிக்காற்றில் விட்ட பிறகு சுவிட்சைப் போடலாம்.

இன்னும் இரண்டு

எந்தக் கசிவும் இல்லாமல் மின்னோட்டம் ஏறி இறங்கினால், கிட்டார் இல்லாமல் மாஸ்டர் வால்யூமை மட்டும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். அதோடு சேர்ந்து பயஸ் எண் நகர்ந்தால் ஆம்ப் காதுக்குக் கேட்காத அதிர்வெண்ணில் தானாகவே அதிர்கிறது, அதாவது ஆசிலேட் ஆகிறது. கிரிட் ஸ்டாப்பர் ரெசிஸ்டர், அதாவது 1.5 அல்லது 5.6 கிலோஓம், முனைக்கு ஒட்டியே இருக்கிறதா, அவுட்புட் வயர் இன்புட் பக்கம் போகிறதா என்று தேட வேண்டும். அது பயஸ் கோளாறே அல்ல.

இஎல்84 போட்ட கேத்தோடு பயஸ் ஆம்ப்களில் கேத்தோடு ரெசிஸ்டரே பயஸைத் தருவதால் திருக ட்ரிம்பாட்டே கிடையாது. அங்கே பொதுவான கேத்தோடு ரெசிஸ்டரையும் அதன் குறுக்கே இருக்கும் பைபாஸ் கப்பாசிட்டரையும் பாருங்கள். அந்தக் கப்பாசிட்டர் ரெசிஸ்டரின் சூட்டில் வெந்து கசிந்தால் பயஸ் இறங்கும். புதியதை ரெசிஸ்டரிலிருந்து ஒரு விரலளவு தள்ளியே வையுங்கள். மேலே சொன்ன கப்லிங் கப்பாசிட்டர் சோதனை இங்கேயும் அப்படியே பொருந்தும். கிரிட் மட்டும் 2-ஆம் முனை.

எல்லாம் முடித்து பயஸை செட் செய்த பிறகு, சுவர் வோல்டேஜ், எச்.டி., சப்ளை முனையின் மைனஸ், ஒவ்வொரு டியூபின் மில்லிஆம்பியர், தேதி ஐந்தையும் மாஸ்கிங் டேப்பில் எழுதிச் சேசிஸுக்குள் ஒட்டுங்கள். அதோடு விட்டுவிடாமல் 1 ஓம் ரெசிஸ்டர்களிலிருந்து இரண்டு மெல்லிய வயர்களை வெளியே கொண்டுவந்து, சேசிஸைப் பெட்டிக்குள் மாட்டி, பின்பலகையையும் மூடி, ஒரு மணி நேரம் ஓட்டி அளக்க வேண்டும். மேசையில் திறந்து கிடக்கும் சேசிஸ் காற்றாடும். ஸ்பீக்கரோடு ஒரே பெட்டியில் வரும் கம்போ ஆம்பில் டியூப்கள் தலைகீழாகத் தொங்கி, மூடிய பெட்டியின் சூட்டிலேயே வேகும். அந்த நிலையில் 60-ஆவது நிமிட எண் 30-ஆவது நிமிட எண்ணிலிருந்து இரண்டு மில்லிஆம்பியருக்குள் இருந்தால் ஆம்பை வீட்டுக்கு அனுப்பலாம்.